அடுத்தவருக்கு இடம் விடும் எழுத்து



இஷாத் தொழுகை முடிந்து வீடு அடங்கிய பின்னர், பதினாறு வயது மகன் கைப்பேசியில் நெடுநேரம் எதையோ தட்டச்சு செய்துகொண்டிருப்பதைக் கண்டால் எந்தப் பெற்றோருக்கும் மனம் துணுக்குறும். எங்களுக்கும் துணுக்குற்றது. யாரோடு பேசுகிறாய் என்று கேட்டோம். "பேசலை வாப்பா, கதை எழுதுறேன்" என்றான். வாங்கிப் பார்த்தோம். அவன் தன் பெயரில் எழுதவில்லை. அறுபது வயது மாலுமி ஒருவராக, "நான் முப்பது வருடமாகக் கடலில் இருக்கிறேன்" என்று எழுதியிருந்தான். எதிரில் முகம் தெரியாத இன்னொருவர் ஒரு வைத்தியராகப் பதில் எழுதியிருந்தார். "இது பொய்யல்லவா?" என்று கடிந்துகொண்டு, ஒரு வாரத்திற்குக் கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டோம். அப்போது அவன் சொன்ன ஒரே வார்த்தை, "உம்மா, அங்க ஒருத்தர் எனக்காகக் காத்துக்கிட்டிருப்பாரு" என்பதுதான்.

அந்த ஒரு வார்த்தையே இக்கட்டுரைக்குக் காரணம். நம் பிள்ளைகளில் பலர் ஈடுபட்டிருக்கும் இந்த எழுத்து விளையாட்டைப் பற்றி நாம் இரண்டு கேள்விகளையே கேட்டுப் பழகியிருக்கிறோம். ஒன்று, இது பொய்யா? மற்றொன்று, இது நேரத்தை வீணாக்குமா? இரண்டும் கேட்கப்பட வேண்டியவையே. ஆனால் மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதைக் கேட்கும் பெற்றோருக்கே பிள்ளையின் உள்ளம் திறக்கிறது. 'இந்த விளையாட்டில் நல்ல எழுத்தாளர் என்று யாரைச் சொல்வாய்?' என்பதே அக்கேள்வி.

இது எத்தகைய விளையாட்டு?

பிள்ளைகள் இதை ரோல்பிளே என்கிறார்கள். பாத்திரமேற்று எழுதுதல் என்று நாம் சொல்லலாம். இருவரோ பலரோ சேர்ந்து ஒரு கதையை எழுதுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம் உண்டு. ஒருவர் சில வரிகள் எழுதி நிறுத்துவார். அடுத்தவர் தம் பாத்திரத்தின் பேச்சையும் செயலையும் எழுதித் தொடர்வார். படமில்லை, ஒலியில்லை, எழுத்து மட்டுமே.

இதன் வேர்கள் புதியவையல்ல. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டு, பாத்திரமேற்றுக் கதை சொல்லும் பழக்கத்தைப் பரவலாக்கியது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த ‘மட்’ என்னும் கணினி விளையாட்டில், பலர் ஒரே நேரத்தில் எழுத்தின் வழியாகவே ஓர் உலகத்தினுள் நடமாடினர். பின்னர் மின்னஞ்சல்களும் இணைய மன்றங்களும் வந்தன. 2015இல் டிஸ்கார்ட் வந்த பிறகு, இந்த எழுத்து பள்ளிப் பிள்ளைகளின் கைப்பேசிக்குள்ளேயே குடியேறிவிட்டது.

மேசை விளையாட்டில் நடுவராக ஒருவர் அமர்ந்திருப்பார். என்ன நடந்தது என்பதைத் தீர்ப்பவர் அவரே. இருவர் மட்டும் எழுதும் கதையில் பெரும்பாலும் அத்தகைய நடுவர் இல்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் மதித்தால்தான் கதை நிற்கும். ஆகவே இங்கே எழுத்தின் அழகுக்கு முன்னால் எழுதுபவரின் ஒழுக்கம் வந்து நிற்கிறது.

ஒரு காட்சி, நான்கு பதில்கள்

இதை விளக்க ஓர் எடுத்துக்காட்டை அமைத்துப் பார்ப்போம். பழங்காலத் துறைமுகம் ஒன்றில் கதை நடக்கிறது. ஒருவர் மரக்கலத்தின் நாகுதாவாக எழுதுகிறார்:

"மரக்கலம் கரையை நெருங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. நாகுதா கரையில் நின்ற வைத்தியரைப் பார்த்து, 'எங்கள் ஆட்களில் ஒருவனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல்' என்றார். சொல்லும்போது அவர் பார்வை கலத்தின் அடித்தட்டுப் பக்கம் ஒருமுறை சென்று திரும்பியது."

வைத்தியராக எழுதுபவர் இதற்குப் பதில் எழுத வேண்டும். முதல் வகைப் பதில் இப்படி அமையலாம்: "வைத்தியர் கலத்தில் ஏறி, ஒரே வேளை மருந்தில் நோயாளியை எழுந்து நடக்க வைத்தார். நாகுதா கண்ணீர் மல்க நன்றி கூறினார். அடித்தட்டில் ஒளித்துவைத்திருந்த பெட்டியையும் வைத்தியர் கண்டுபிடித்துவிட்டார்."

இரண்டாம் வகை, அந்திவானத்தின் செம்மையையும் அலைகளின் ஓசையையும் வைத்தியரின் தலைப்பாகையையும் மூன்று பத்திகளில் வருணித்துவிட்டு, வைத்தியர் எதுவும் பேசாமலும் செய்யாமலும் முடிந்துவிடுவது. மூன்றாம் வகை, "சரி, பார்க்கலாம் என்றார்" என்ற ஒற்றை வரி.

நான்காவது பதில் இது: "வைத்தியர் உடனே ஏறவில்லை. 'இதற்கு முன் எந்தத் துறையில் தண்ணீர் எடுத்தீர்கள்?' என்று கேட்டார். மருந்துப் பையைக் கீழே வைக்காமல் தோளிலேயே வைத்துக்கொண்டு, பதிலுக்காகக் காத்து நின்றார்."

முதல் பதிலில் வேகம் இருக்கிறது. இரண்டாவதில் சொல்வளம் இருக்கிறது. ஆயினும் இவ்விளையாட்டில் பழகியவர்கள் நான்காவதை எழுதியவரையே நல்ல எழுத்தாளர் என்பார்கள். ஏன்? அவர் நாகுதாவுக்கு ஒரு கேள்வியைக் கொடுத்திருக்கிறார். நாகுதா உண்மையைச் சொல்லலாம், மழுப்பலாம், கோபப்படலாம். எந்த வழியில் போனாலும் கதை முன்னே நகரும். எதிரில் இருப்பவருக்கு எழுத இடம் இருக்கிறது.

முதல் பதிலை எழுதியவர் மூன்று பிழைகளைச் செய்திருக்கிறார். நாகுதா தமது பாத்திரமல்ல என்பதை மறந்து, அவரை அழவைத்து நன்றி சொல்லவைத்தார். தம் பாத்திரத்தைத் தோல்வியே அறியாதவராக்கினார். இவ்வாறு பிறர் பாத்திரத்தை ஆட்டிவைப்பதையும், தம் பாத்திரத்துக்கு அளவில்லாத ஆற்றலைக் கொடுத்துக்கொள்வதையும் ‘காட்மோடிங்’ என்று இவ்விளையாட்டினர் குறை கூறுகின்றனர். எல்லாம் வல்லவன் போல் நடந்துகொள்வது என்பதே அச்சொல்லின் கருத்து. படைப்பினம் படைத்தவனைப் போல் நடிக்கலாகாது என்று நம்பும் நமக்கு, அந்தப் பெயரே போதிய எச்சரிக்கை.

மூன்றாவது பிழை நுட்பமானது. அடித்தட்டில் ஏதோ இருக்கிறது என்பது எழுத்தைப் படித்த மனிதருக்குத் தெரியும். கரையில் நிற்கும் வைத்தியருக்குத் தெரியாது. எழுதுபவர் தாம் அறிந்ததைப் பாத்திரத்தின் அறிவாக்கிவிட்டார். இதை ‘மெட்டாகேமிங்’ என்பார்கள். நல்ல எழுத்தாளர் தமக்குத் தெரிந்ததையும் பாத்திரத்துக்குத் தெரிந்ததையும் பிரித்து வைப்பார். ஓர் அமானிதத்தைக் காப்பவர் அதைத் திறந்து பார்க்காததைப் போன்றது இது.

தோற்கத் தெரிந்தவர்

இத்துறையில் புழங்கும் இன்னொரு பெயர் ‘மேரி சூ’. 1973இல் பாலா ஸ்மித் என்பவர், ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் ரசிகர்கள் எழுதிய கதைகளைக் கிண்டல் செய்து ஒரு சிறுகதை எழுதினார். அதன் நாயகியின் பெயரே மேரி சூ. மிகச் சிறிய வயதிலேயே எல்லாத் திறமையும் வாய்த்தவள், எல்லோராலும் போற்றப்படுபவள். எழுதுபவரின் சுய ஆசையே பாத்திரமாக உருவெடுத்தால் அதற்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

புதிதாக எழுத வரும் பிள்ளை இப்படித் தொடங்குவது இயல்பு. வகுப்பில் ஒதுக்கப்படும் சிறுவன், கதையில் வாள்வீரனாகிறான். அதில் தவறில்லை. ஆனால் அவன் அங்கேயே நின்றுவிட்டால் அவனோடு எழுத யாரும் வரமாட்டார்கள். ஒருநாள் தன் வீரனைத் தவறு செய்யவைக்கவும், பிறரிடம் தோற்கவைக்கவும், மன்னிப்புக் கேட்கவைக்கவும் அவன் கற்றுக்கொள்கிறான். அன்றுதான் அவன் எழுத்தாளனாகிறான். கதையில் தோற்றாலும் தனக்கு இழப்பில்லை என்று அறிந்தவன், விவாதத்திலும் உடன்பிறந்தாரிடமும் விட்டுக்கொடுக்கச் சற்றேனும் பழகுவான் என்பது எங்கள் எண்ணம். பெருமையை அடக்குவதற்கு எழுத்தும் ஒரு பயிற்சிக்களம் ஆகலாம்.

ஒற்றை வரிப் பதிலும் மூன்று பத்தி வருணனையும் வெளிப்பார்வைக்கு எதிரெதிரானவை. உண்மையில் இரண்டும் ஒரே குறையைக் கொண்டவை. முன்னவர் எதிரில் இருப்பவருக்கு எதையும் கொடுக்கவில்லை. பின்னவர் எதிரில் ஒருவர் இருப்பதையே மறந்துவிட்டார். விருந்துக்கு வந்தவரிடம் முகம் கொடுத்துப் பேசாதவரும், விருந்தினரைப் பேசவிடாமல் தாமே பேசிக்கொண்டிருப்பவரும் விருந்தோம்பலில் ஒருசேரத் தவறியவர்களே.

சிறகு முளைத்த குதிரை

இனி, பொய்யா என்ற முதல் கேள்விக்கு வருவோம். அதைத் தட்டிக்கழிக்க நாம் விரும்பவில்லை. பிறரைச் சிரிக்கவைப்பதற்காகப் பொய் பேசுவதை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்திருக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். ஆகவே ஒரு முஸ்லிம் வீட்டில் இக்கேள்வி எழுவது ஈமானின் விழிப்பே அன்றிப் பிற்போக்கு அல்ல.

ஆனால் அதே நபியின் வீட்டில் நிகழ்ந்த ஒரு செய்தியையும் அபூதாவூது நூலில் காண்கிறோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் ஒரு திரைக்குப் பின்னால் இருந்தன. காற்றில் திரை விலகியபோது, அவற்றின் நடுவே துணியால் ஆன இரண்டு சிறகுகளோடு ஒரு குதிரை நிற்பதை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். அது என்ன என்று வினவினார்கள். குதிரை என்று பதில் வந்தது. அதன் மேல் இருப்பவை என்ன என்று கேட்டார்கள். சிறகுகள் என்று பதில் வந்தது. குதிரைக்குச் சிறகா என்று வியந்து கேட்டபோது, சுலைமான் (அலை) அவர்களிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்குச் சிரித்தார்கள்.

இந்தச் செய்தியிலிருந்து மார்க்கச் சட்டம் எடுப்பது ஆலிம்களின் பணி, நமது பணியன்று. நாம் கவனிக்க விரும்புவது அந்த உரையாடலின் நயத்தை. நபி (ஸல்) அவர்கள் கேள்விக்கு மேல் கேள்வியாகக் கேட்டார்கள். ஒவ்வொரு கேள்வியும் பதில் சொல்பவருக்கு இடம் விட்டது. முடிவில் சிறகுக்கு விளக்கம் தரும் வாய்ப்பு அன்னையாருக்கே கிடைத்தது. கற்பனையோடு விளையாடும் உள்ளத்தை எப்படி அணுகுவது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை. கைப்பேசியைப் பறித்த அன்று நாங்கள் ஒரு கேள்விகூட முறையாகக் கேட்கவில்லை.

ஹரீரீயும் அபூ ஸைதும்

புனைவுக்கும் ஏமாற்றுக்கும் இடையே உள்ள கோட்டைக் காண, நம் நாகரிகத்தின் பழைய நூலொன்று உதவுகிறது. பஸ்ராவைச் சேர்ந்த அல் ஹரீரீ (1054–1122) எழுதிய ‘மகாமாத்’ ஐம்பது நிகழ்ச்சிகளைக் கொண்டது. அபூ ஸைத் என்னும் நாவன்மை மிக்க நாடோடி அதன் நாயகன். ஓர் ஊரில் உபதேசியாகவும் மற்றோர் ஊரில் வறியவனாகவும் வேடமிட்டு, தன் சொல்லழகால் மக்களை மயக்கிப் பணம் பறிப்பது அவன் வழக்கம். கதை சொல்லும் ஹாரிஸ் அவனை இறுதியில் அடையாளம் கண்டுகொள்கிறார்.

இதிலே இரண்டு பேர் பாத்திரம் ஏற்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஹரீரீ, அபூ ஸைதின் குரலில் எழுதுகிறார். இது கதை என்பது படிப்பவருக்குத் தெரியும். அபூ ஸைத், வறியவனின் குரலில் பேசுகிறான். இது நடிப்பு என்பது தர்மம் கொடுப்பவருக்குத் தெரியாது. முன்னது புனைவு, பின்னது மோசடி. ஹரீரீ தமது முன்னுரையிலேயே இதைப் பற்றிப் பேசி, விலங்குகள் பேசுவதாக அமைந்த கதைகளை யாரும் பழிக்கவில்லையே என்று தம் தரப்பை எடுத்துரைக்கிறார். நூலின் கடைசி நிகழ்ச்சியில் அபூ ஸைத் தவ்பாச் செய்து திருந்துகிறான். சொல்வன்மை மட்டும் ஒரு மனிதனைக் காப்பாற்றாது என்பதை அந்தச் சொல்வன்மை மிக்க நூலே சொல்லி முடிகிறது.

நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய அளவுகோல் இதுவே. எதிரில் எழுதுபவருக்கு இது கதை என்று தெரிந்திருக்கும்வரை அது பாத்திரம். அவருக்குத் தெரியாமல் வயதையோ பெயரையோ உறவையோ மாற்றிச் சொன்னால் அது பொய். முறையாக எழுதுபவர்கள் இந்தக் கோட்டை வெளிப்படையாகவே வரைந்து வைத்திருக்கிறார்கள். கதைக்குள் பேசுவது வேறு, கதைக்கு வெளியே பேசுவது வேறு என்று பிரித்து, வெளியே பேசுவதை இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுதுவது பலரின் வழக்கம். "நாளை எனக்குத் தேர்வு, பதில் தாமதமாகும்" என்று அங்கே எழுதுவார்கள். "உங்கள் பாத்திரத்துக்குக் காயம் ஏற்படும்படி எழுதலாமா?" என்று அனுமதி கேட்பார்கள். "இந்தக் காட்சி எனக்கு வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காமல் நிறுத்திவிடுவது நல்ல குழுவின் அடையாளம். அனுமதி கேட்டு நுழைவதும், திரும்பிப் போகச் சொன்னால் மனம் கோணாமல் திரும்புவதும் நம் மார்க்கம் வீட்டு வாசலுக்குக் கற்பித்த ஒழுங்கு. பிள்ளைகள் அதைக் கதையின் வாசலிலும் கடைப்பிடிக்கட்டும்.

நம் வீட்டில் பேச வேண்டியவை

இவ்வளவும் சொன்னதால், கதவை முழுவதுமாகத் திறந்து வைக்கச் சொல்கிறோம் என்று யாரும் கருத வேண்டாம். சில எல்லைகளைப் பெற்றோரே வகுக்க வேண்டும்.

முதலாவது, வயது. டிஸ்கார்ட் போன்ற தளங்களில் குறைந்தது பதின்மூன்று வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. வயதை உயர்த்திச் சொல்லி உள்ளே நுழைந்தால், விளையாட்டு பொய்யிலிருந்தே தொடங்குகிறது.

இரண்டாவது, முகம் தெரியாதவர். கதைக்கு வெளியே புகைப்படம், பள்ளியின் பெயர், கைப்பேசி எண் ஆகியவற்றைக் கேட்பவர் எவ்வளவு அழகாக எழுதினாலும் அவரோடு எழுதுவதை நிறுத்திவிட்டுப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். தனி அறைக்கு வா, மற்றவருக்குத் தெரிய வேண்டாம் என்று அழைப்பவரும் அவ்வாறே. சொன்னால் கைப்பேசி பறிபோகும் என்ற அச்சம் பிள்ளைக்கு இருந்தால் அது நம்மிடம் சொல்லாது. பறிப்பதில் அவசரப்பட்ட நாங்கள் இதைப் பிந்தியே உணர்ந்தோம்.

மூன்றாவது, ஹயா. அந்நிய ஆணும் பெண்ணும் சேர்ந்து காதல் காட்சிகளை எழுதும்போது, சொற்கள் கதையுடையவை ஆயினும் உள்ளம் எழுதுபவருடையது. பாத்திரத்தின் பெயரால் நம் நாவு சொல்லத் துணியாததை விரல் எழுதுமானால், அங்கே நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு.

நான்காவது, ஏற்கக்கூடாத பாத்திரங்கள். நபிமார்களின் பாத்திரத்தையும் ஸஹாபாக்களின் பாத்திரத்தையும் எடுத்து எழுதுவது விளையாட்டுக்குரியதன்று. சூனியம், பிற வழிபாடு போன்றவை கதையின் மையமாக வரும் இடங்களில் உங்கள் பகுதி ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ஐந்தாவது, நேரம். பாங்கு ஒலிக்கும்போது கதை நிற்க வேண்டும். நல்ல துணை எழுத்தாளர் காத்திருப்பார். காத்திருக்க மனமில்லாதவர் நல்ல எழுத்தாளரே அல்லர்.

இந்நாளில் மனிதருக்குப் பதிலாகச் செயற்கை நுண்ணறிவுச் செயலியோடு பாத்திரமேற்று எழுதும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்நியரின் அபாயம் அங்கே இல்லை என்று சிலர் நிம்மதி அடையலாம். ஆனால் இயந்திரம் களைப்படைவதில்லை. அதற்குத் தேர்வு இல்லை. நம் பாத்திரம் எல்லாவற்றிலும் வென்றாலும் அது சலித்து எழுந்து போவதில்லை. எதிரில் ஓர் உள்ளம் இல்லாதபோது, விட்டுக்கொடுக்கக் கற்கவேண்டிய தேவையே எழுவதில்லை. இவ்விளையாட்டின் பயன் எதுவோ அதையே அங்கே இழந்துவிடுகிறோம்.

இருகுரல் மரபு

கேள்வியும் பதிலுமாக இலக்கியம் வளர்ப்பது தமிழ் முஸ்லிம்களுக்கு அந்நியமானதல்ல. நமக்குக் கிடைத்துள்ள பழமையான இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் ஒன்றாகிய, வண்ணப் பரிமளப் புலவரின் ‘ஆயிரம் மசலா’ 1572ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மசலா என்றால் வினா. வினா விடையாகவே அந்நூல் நடக்கிறது. கேட்பவர் செம்மையாகக் கேட்டால்தான் சொல்பவரின் அறிவு வெளிப்படும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். 1885இல் கண்டியின் சித்தி லெப்பை ‘அசன்பே சரித்திரம்’ எழுதினார். 1938இல் நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் ‘காதலா கடமையா’ எழுதினார். ஒரு முஸ்லிம் பெண்மணி அந்நாளில் பிறருடைய உள்ளத்தினுள் நின்று எழுதியிருக்கிறார். பிறர் இடத்தில் தம்மை வைத்துப் பார்க்கும் ஆற்றலை நம் சமூகம் அன்றே மதித்தது.

ஆகவே ஓர் ஆலோசனை. பிள்ளைகள் ஆங்கிலத்தில் அந்நியரோடு எழுதுவதை வீட்டுக்குள் தமிழிலும் எழுதச் சொல்லிப் பாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வாப்பா ஒரு நாள் ஐந்து வரி, மகள் மறுநாள் ஐந்து வரி, உம்மா அதற்கடுத்த நாள். விதி ஒன்றே: அடுத்தவரின் பாத்திரத்துக்காக யாரும் பேசக்கூடாது. எங்கள் வீட்டில் இதைத் தொடங்கியபோது முதல் நாளே விதியை மீறியவர்கள் நாங்கள்தாம். மகனின் பாத்திரம் என்ன நினைக்கிறது, என்ன செய்யப்போகிறது என்றெல்லாம் நாங்களே எழுதிவிட்டோம். அவன் பென்சிலால் மெல்ல அடித்துவிட்டு, ஓரத்தில் "இது என் ஆள்" என்று எழுதியிருந்தான். அந்த மூன்று சொற்கள் கதையைப் பற்றியவை மட்டுமல்ல என்பது எங்களுக்கு விளங்கியது.

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்த நாளில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறோம். அவனோடு சேர்ந்து அமர்ந்து அந்தக் கதையைத் திறந்தோம். ஒரு வாரம் பதிலில்லாததால் மற்றவர் கதையைக் கைவிட்டிருப்பார், அல்லது மாலுமியைக் கடலில் மூழ்கடித்துவிட்டுப் போயிருப்பார் என்றே நினைத்தோம். அவர் எழுதியிருந்தது இரண்டே வரி: மாலுமி எங்கே போனார் என்று தெரியவில்லை, வைத்தியர் துறைமுகத்தில் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, அவர் வரும்போது வரட்டும் என்று அமர்ந்திருந்தார். அதன் கீழே, இரட்டை அடைப்புக்குறிக்குள், "நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன், அவசரம் இல்லை."

அவர் யார், எந்த ஊர், எந்த மார்க்கம் என்பது எங்களுக்குத் தெரியாது. அவர் எழுத்தில் அணிகள் ஏதுமில்லை. ஆயினும் தம் கையில் கிடைத்த பிறருடைய பாத்திரத்தை ஒரு வாரமும் தொடாமல் காத்து வைத்திருந்தார். மகன் பதில் எழுத உட்கார்ந்தபோது, நாங்கள் ஒரு கேள்வியை மட்டும் கேட்டோம்: "நீ எழுதப்போவதில் அவருக்கு என்ன மிச்சம் வைக்கப்போகிறாய்?" அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு எழுதத் தொடங்கினான்.

நம் நாவையும் விரல்களையும் பிறருக்கு நலம் தருபவையாக ஆக்கி, நம் பிள்ளைகளின் கற்பனையை ஹலாலான வழியில் வளரச் செய்ய வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக. ஆமீன்.